எல்ட்டர்: ஒரு ஜெர்மன் ஒப்பீட்டுச் சொல்லை அடிமுதல் பழகும் வழி

ஜெர்மன் மொழியில் 'ஐன் அல்ட்டர் ஹெர்' என்றால் வயதான மனிதர். 'ஐன் எல்ட்டெரர் ஹெர்' என்றால் யார்? ஒப்பீட்டு விகுதி சேர்ந்திருப்பதால் முதலாமவரைவிட வயது கூடியவர் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறானது. முதலாமவர் முதுமையை எட்டிவிட்டவர். இரண்டாமவர் நடுத்தர வயதைக் கடந்து முதுமையை நெருங்கிக்கொண்டிருப்பவர். அதாவது எல்ட்டெரர் ஹெர்தான் வயதில் இளையவர்.

'அல்ட்' (வயதான) என்பதன் ஒப்பீட்டு வடிவம் 'எல்ட்டர்' என்று ஏ1, ஏ2 என்ற தொடக்கநிலை வகுப்புகளில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். அந்த ஒரு வரி போதாது. இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, இருவரின் வயதை ஒப்பிடுவது. மற்றொன்று, யாரோடும் ஒப்பிடாமல் 'கொஞ்சம் வயதானவர்' என்று மென்மையாகச் சொல்வது. வாக்கியத்தில் எந்த வேலை நடக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால், இதே அச்சில் வார்த்த வேறு பல ஜெர்மன் சொற்களும் கூடவே புரிந்துவிடும். குறிப்பாக மருத்துவமனை, பராமரிப்பு இல்லம், அரசு அலுவலகம் என்று ஜெர்மனியில் அன்றாடம் புழங்கப் போகிறவர்கள் இந்தச் சொல்லை அரைகுறையாகத் தெரிந்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம்.

ஒரு குறிப்பு. ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். இது காதுக்கான உதவி மட்டுமே. எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒலி

'அல்ட்' என்ற சொல்லின் தொடக்க எழுத்து 'அ'. 'எல்ட்டர்' என்னும்போது அந்த எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் ஏறி ஒலி குறில் 'எ' ஆகிவிடுகிறது. நம் 'எலி'யில் வரும் அதே எ. 'ஏல்' என்று நீட்டக் கூடாது. 'ஆல்' என்று தொடங்கினால் வேறு சொல்லே ஆகிவிடும்.

கடைசியில் வரும் 'அர்' என்பதில் ர் கிட்டத்தட்ட கேட்காது. 'எல்ட்ட' என்று சொல்லி வாயை மூடாமல் விட்டது போல இருக்கும். தமிழர்களாகிய நாம் எழுத்தில் இருப்பதை எல்லாம் உச்சரித்துப் பழகியவர்கள். அதனால் அந்த ர் நாக்கில் உருண்டு வந்துவிடும். வந்தாலும் புரியும், அதற்காக வருந்த வேண்டாம். ஆனால் 'அ', 'எ' வேறுபாடு புரிதலையே மாற்றும். அதில் கவனம் வையுங்கள்.

விசைப்பலகையில் புள்ளி வைத்த எழுத்து கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தின் ஏ, இ இரண்டையும் அடுத்தடுத்து எழுதலாம். அது ஏற்கப்பட்ட வழக்கம். புள்ளியை அப்படியே விட்டுவிடுவதுதான் பிழை.

புள்ளி எங்கிருந்து வந்தது

இந்த உயிரொலி மாற்றத்துக்கு 'உம்லௌட்' என்று பெயர். ஜெர்மனின் பழங்கால வடிவமான பழைய உயர் ஜெர்மனில் ஒப்பீட்டு வடிவம் 'அல்டிரோ', 'எல்டிரோ' என்று இருந்தது. பின்னால் வரும் 'இ' ஒலிக்கு நாக்கு முன்கூட்டியே தயாரானதால் முன்னால் இருந்த 'அ' மெல்ல 'எ' பக்கம் நகர்ந்தது. காலப்போக்கில் அந்த இ தேய்ந்து போனது. அது விட்டுச்சென்ற தடம் மட்டும் இரு புள்ளிகளாக நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஓல்ட்', 'எல்டர்' என்று இருப்பதற்கும் காரணம் இதே மாற்றம்தான்.

இதே குடும்பத்தில் இன்னொரு சொல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: 'எல்ட்டெர்ன்', பெற்றோர். வேர்ப்பொருள் 'வயதில் மூத்தவர்கள்'. பழைய ஒப்பீட்டு வடிவமே பெயர்ச்சொல்லாக உறைந்துவிட்டது. ஆனால் எழுதும்போது அதற்குப் புள்ளி கிடையாது, நேரடியாக 'எ' எழுத்துதான். 1996இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களுக்கு வேரைப் பார்த்துப் புள்ளி வைத்தது. எல்ட்டெர்னை விதிவிலக்காக அப்படியே விட்டது. தேர்வில் கடிதம் எழுதும்போது பெற்றோருக்குப் புள்ளி வைத்துவிடாதீர்கள்.

அல்ட் போலவே ஒப்பீட்டில் ஒலி மாறும் ஓரசைச் சொற்கள் சுமார் இருபது அன்றாடப் புழக்கத்தில் உண்டு. யுங் (இளைய), கல்ட் (குளிர்ந்த), வார்ம் (வெதுவெதுப்பான), லங் (நீளமான), குர்ட்ஸ் (குட்டையான), க்ரோஸ் (பெரிய), ஷ்டார்க் (வலுவான), அர்ம் (ஏழ்மையான), க்ராங்க் (நோயுற்ற), க்லூக் (அறிவான) ஆகியவை முதலில் கற்க வேண்டியவை. எல்லா ஓரசைச் சொற்களும் மாறாது. க்லார் (தெளிவான), ஃபோல் (நிறைந்த), பூன்ட் (வண்ணமயமான) மாறாமல் இருக்கும். விதி தேடி அலைவதைவிட, மாறும் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வது எளிது.

மூன்றாம் படி 'அம் எல்ட்டெஸ்டென்', எல்லாரையும்விட மூத்த. சொல் 'ட்' ஒலியில் முடிவதால் நடுவே ஓர் 'எ' நுழைகிறது. இல்லாவிட்டால் ஜெர்மானியர்களாலேயே சொல்ல முடியாது.

ஒப்பிடும் வேலை

எடுத்துக்காட்டுக்கு கிரிம் சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர்கள். யாகோப் பிறந்தது 1785 ஜனவரியில், வில்ஹெல்ம் பிறந்தது 1786 பிப்ரவரியில், இருவருமே ஹானாவ் நகரில்.

'யாகோப் இஸ்ட் எல்ட்டர் அல்ஸ் வில்ஹெல்ம்.' யாகோப் வில்ஹெல்மைவிட மூத்தவர்.

இவ்வளவுதான் அடிப்படை வாக்கியம். 'எல்ட்டர்' இங்கே தனியாக, எந்த விகுதியும் இல்லாமல் நிற்கிறது. 'அல்ஸ்' என்பது நம் 'விட'. ஆனால் வரிசை வேறு. தமிழில் 'வில்ஹெல்மைவிட' என்று ஒப்பிடப்படுபவர் முன்னால் வந்து, மூத்தவர் என்பது கடைசியில் வருகிறது. ஜெர்மனில் பண்புச்சொல் முதலில், அல்ஸும் ஆளும் பின்னால்.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு பிழை காத்திருக்கிறது. 'என்னைவிட' என்பதில் 'என்னை' என்ற இரண்டாம் வேற்றுமை இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் 'அல்ஸ் மிஷ்' என்று வந்துவிடும். 'மிஷ்' என்றால் என்னை. ஆனால் ஜெர்மனில் எழுவாயோடு ஒப்பிடும்போது எழுவாய் வடிவமே வர வேண்டும்: 'ஸீ இஸ்ட் எல்ட்டர் அல்ஸ் இஷ்.' அவள் என்னைவிட மூத்தவள். ஆங்கிலப் பேச்சுவழக்கும் இதே தவறான பக்கம் இழுப்பதால் இரட்டைக் கவனம் தேவை. யாரை யாரோடு ஒப்பிடுகிறோமோ, இருவருக்கும் ஒரே வேற்றுமை என்று நினைவில் கொள்ளுங்கள். 'இஷ் கென்னெ கைனென் எல்ட்டெரென் மன் அல்ஸ் ஈன்' என்ற வாக்கியத்தில், அதாவது அவரைவிட வயதான மனிதர் யாரையும் எனக்குத் தெரியாது என்பதில், ஒப்பிடப்படுவது செயப்படுபொருள். அதனால் 'ஈன்', அவரை, என்று வருவது சரி.

தெற்கு ஜெர்மனியில் 'எல்ட்டர் வீ இஷ்' என்று பேசுவதைக் கேட்பீர்கள். சில இடங்களில் 'அல்ஸ் வீ' என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். உள்ளூர்ப் பேச்சு அது, கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். தேர்வுத்தாளிலும் விண்ணப்பத்திலும் 'அல்ஸ்' மட்டும்.

'வீ' வர வேண்டிய இடம் வேறு. சம வயது என்றால் 'ஸோ அல்ட் வீ இஷ்', என் வயதுதான். அழுத்திச் சொல்ல 'கெனவ்ஸோ அல்ட் வீ'. இரு மடங்கு வயது என்றால் 'டோப்பெல்ட் ஸோ அல்ட் வீ'. சமம், மடங்கு இரண்டுக்கும் அடிப்படை வடிவமான 'அல்ட்'டும் 'வீ'யும். கூடுதல் குறைவுக்கு 'எல்ட்டர்', 'அல்ஸ்'. இந்த இரண்டு ஜோடிகளும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

எவ்வளவு மூத்தவர்?

வித்தியாசத்தை எல்ட்டருக்கு நேர் முன்னால் வைக்க வேண்டும். 'யாகோப் இஸ்ட் ஐன் யார் எல்ட்டர் அல்ஸ் வில்ஹெல்ம்', ஒரு வயது மூத்தவர். இன்னொரு தம்பி லூட்விக் எமில், ஓவியர், 1790இல் பிறந்தவர். அவரைவிட யாகோப் 'ஃபுன்ஃப் யாரெ எல்ட்டர்', ஐந்து வயது மூத்தவர். இந்த அளவு இரண்டாம் வேற்றுமையில் நிற்கும். ஜெர்மன் பெயர்ச்சொற்கள் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (நடுப்பால்) என்று மூன்று வகை. ஆண்டு என்ற 'யார்' டாஸ் சொல் என்பதால் வெளியே தெரியாது. மாதம் என்ற 'மோனாட்' டெர் சொல் என்பதால் தெரிந்துவிடும்: 'ஐனென் மோனாட் எல்ட்டர்'.

எண் இல்லாமல் சொல்ல 'ஃபீல் எல்ட்டர்' (நிறைய மூத்த), 'எட்வஸ் எல்ட்டர்' (சற்று மூத்த), 'ஐன் பிஸ்ஷன் எல்ட்டர்' (கொஞ்சம் மூத்த), 'நோஹ் எல்ட்டர்' (இன்னும் மூத்த) என்று போகலாம். 'ஸேர்' என்ற 'மிகவும்' இங்கே வராது. 'ஸேர் அல்ட்' உண்டு, 'ஸேர் எல்ட்டர்' கிடையாது. 'மேர் அல்ட்' என்று ஆங்கில 'மோர்' போலச் சேர்ப்பதும் இல்லை. ஜெர்மனில் ஒப்பீடு எப்போதும் விகுதியால்தான், சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும்.

துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும்போது அல்ஸ் பகுதியை எங்கே வைப்பது என்று பலரும் தடுமாறுவார்கள். 'வைல் மைன் ப்ரூடர் எல்ட்டர் இஸ்ட் அல்ஸ் இஷ்' என்று வினைக்குப் பின்னால் விடுவதே பேச்சில் இயல்பானது. வினைக்கு முன்னால் வைத்தாலும் பிழையில்லை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால்

எல்ட்டர் ஒரு பெயருக்கு முன்னால் வந்தவுடன் விகுதி ஏற்கும். தமிழில் 'மூத்த அண்ணன், மூத்த அக்கா, மூத்த பிள்ளை' என்று பெயரெச்சம் மாறாமலே இருப்பதால் இந்த விகுதியை நாம் மறந்துவிடுகிறோம். 'மைன் எல்ட்டர் ப்ரூடர்' என்று எழுதுவதுதான் நம் மாணவர்களிடம் அதிகம் காணும் பிழை. எல்ட்டரில் இருக்கும் 'அர்' ஒப்பீட்டுக்கானது. பெயருக்கான விகுதி அதற்கு மேலே தனியாகச் சேர வேண்டும்.

'மைன் எல்ட்டெரர் ப்ரூடர்', என் அண்ணன்.
'மைனெ எல்ட்டெரெ ஷ்வெஸ்டர்', என் அக்கா.
'மைன் எல்ட்டெரெஸ் கின்ட்', என் மூத்த பிள்ளை.
'மைனெ எல்ட்டெரென் கெஷ்விஸ்டர்', எனக்கு மூத்த உடன்பிறப்புகள்.

டெர், டீ, டாஸ் வந்தால் முதல் மூன்றுமே 'எல்ட்டெரெ' ஆகிவிடும்: டெர் எல்ட்டெரெ ப்ரூடர், டீ எல்ட்டெரெ ஷ்வெஸ்டர், டாஸ் எல்ட்டெரெ கின்ட். வேற்றுமை மாறும்போது பெரும்பாலும் 'எல்ட்டெரென்' என்றே முடியும். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்: 'இஷ் ஹாபெ ஐனென் எல்ட்டெரென் ப்ரூடர்.' அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன்: 'இஷ் வோனெ பை மைனர் எல்ட்டெரென் ஷ்வெஸ்டர்.' அண்ணனோடு: 'மிட் மைனெம் எல்ட்டெரென் ப்ரூடர்.' இந்த மூன்றையும் வாய்விட்டுப் பழகினால் அட்டவணை தானாக மனதில் பதியும். அட்டவணையை முதலில் நெட்டுருப் போட்டவர்களைவிட வாக்கியத்தைப் பழகியவர்களே வேகமாகப் பேசுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் 'அல்ட்டர்', 'எல்ட்டெரர்' குழப்பம் வருகிறது. 'ஐன் அல்ட்டர் மன்' என்பதில் உள்ள 'அர்' ஒப்பீடு அல்ல. அது டெர் சொல்லுக்கான எழுவாய் விகுதி மட்டும். ஆங்கிலக் கண்ணோடு படித்தால் 'ஓல்டர்' போலத் தெரியும். புள்ளியைத் தேடுங்கள். புள்ளி இல்லை என்றால் ஒப்பீடு இல்லை. 'டாஸ் அல்ட்டர்' என்பது வேறு, 'வயது' என்ற பெயர்ச்சொல். ரயிலில் இளைஞர்கள் ஒருவரையொருவர் 'அல்ட்டர்!' என்று கூப்பிடுவதும் வயதைப் பற்றியது அல்ல. நம் 'மச்சான்' போன்றது.

உறவுமுறைக்கு வருவோம். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று நமக்குத் தனிச்சொற்கள் உண்டு. ஜெர்மனில் ப்ரூடர், ஷ்வெஸ்டர் இரண்டோடு சரி. மூப்பு முக்கியம் என்றால் எல்ட்டர் அல்லது யுங்கர் சேர்க்க வேண்டும். பெரியப்பாவுக்கு 'டெர் எல்ட்டெரெ ப்ரூடர் மைனெஸ் ஃபாட்டர்ஸ்'. பெரியம்மாவுக்கு 'டீ எல்ட்டெரெ ஷ்வெஸ்டர் மைனர் முட்டர்'. சித்திக்கு அதே அமைப்பில் 'யுங்கெரெ'. ஆனால் ஜெர்மானியர்கள் இவ்வளவு விரித்துச் சொல்வதில்லை, 'ஓங்கெல்', 'டன்டெ' என்று முடித்துவிடுவார்கள். கேட்டால் மட்டும் விளக்குங்கள். வீட்டுப் பேச்சில் அண்ணனை 'மைன் க்ரோஸர் ப்ரூடர்', என் பெரிய சகோதரன், என்று சொல்வதே அதிகம். தங்கையை 'மைனெ க்லைனெ ஷ்வெஸ்டர்', சின்னத் தங்கை. இங்கே பெரிய, சின்ன என்ற அடிப்படை வடிவமே வரும், ஒப்பீட்டு வடிவம் அல்ல. உயரத்தைப் பற்றிய பேச்சும் அல்ல.

இருவரில் மூத்தவர் 'டெர் எல்ட்டெரெ'. மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் 'டெர் எல்ட்டெஸ்டெ'. 'மைனெ எல்ட்டெஸ்டெ' என்று பெயர் எதுவும் இல்லாமல் ஓர் அம்மா சொன்னால் 'என் மூத்த மகள்' என்று பொருள். அப்படித் தனியாகப் பெயர்ச்சொல்லாக நிற்கும்போது முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும்.

ஒப்பிடாத எல்ட்டர்

இப்போது அந்த ஹெருக்குத் திரும்புவோம். 'ஐனெ எல்ட்டெரெ டாமெ' (சற்று வயதான பெண்மணி) என்ற தொடரில் யாரைவிட மூத்தவர் என்ற கேள்வியே இல்லை. இலக்கண நூல்கள் இதைத் தனிநிலை ஒப்பீடு என்பார்கள். இதன் கணக்கு வேறு. அல்ட்டைத் தொடக்கமாக வைத்து அதற்கு மேலே ஏறவில்லை. எதிர்ப்பக்கமான 'யுங்' என்ற இளமையிலிருந்து நகர்ந்து வந்து, அல்ட்டை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. இளமையானவர் என்று சொல்ல முடியாது, கிழவர் என்றும் சொல்லக் கூடாது. அந்த இடைவெளியின் சொல் இது. மறுபக்கமும் அப்படியே: 'ஐனெ யுங்கெரெ ஃப்ராவ்' (ஃப்ராவ் என்றால் பெண்) என்பவர் 'ஐனெ யுங்கெ ஃப்ராவ்' என்பவரைவிடச் சற்று வயது கூடியவர்.

அளவோடு சேர்த்து இந்த வடிவத்தில் மரியாதையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எண்பது வயதுக்காரரைப் பற்றிப் பேசும்போதும் நல்ல பழக்கமுள்ள ஜெர்மானியர் 'எல்ட்டெரெ டாமெ' என்றே சொல்வார். நாம் 'கிழவி' என்னாமல் 'வயதான அம்மா', 'பெரியவர்' என்பது போலத்தான். செய்தித்தாள்களும் சுகாதாரத் துறையும் 'அல்ட்டெ மென்ஷன்' (வயதான மனிதர்கள்) என்பதைவிட 'எல்ட்டெரெ மென்ஷன்' என்பதையே விரும்பி எழுதுகின்றன.

செவிலியர் பணிக்காகச் செல்பவர்களுக்கு இது மிக அவசியம். ஜெர்மனியில் 2020 ஜனவரி முதல் முதியோர் பராமரிப்பு, பொதுச் செவிலியம், குழந்தைச் செவிலியம் ஆகிய பயிற்சிகள் ஒரே பொதுப் படிப்பாக இணைக்கப்பட்டன. அதற்கு முன்பு 'அல்ட்டென்ஃப்லேகெ' என்று தனித்துறையே இருந்தது. அந்தப் பெயரில் அல்ட் இருந்தாலும், ஒரு நோயாளியைப் பற்றி உறவினரிடம் பேசும்போது 'டீ அல்ட்டெ ஃப்ராவ்' என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். பெயர் தெரிந்தால், 'திருமதி' போல மரியாதை அடைமொழியாகவும் வரும் ஃப்ராவ் என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'டீ எல்ட்டெரெ டாமெ'. 'ஸீ இஸ்ட் ஷோன் எட்வஸ் எல்ட்டர்' என்று யாராவது சொன்னால், 'அவருக்குக் கொஞ்சம் வயதாகிவிட்டது' என்று புரிந்துகொள்ளுங்கள். யாரைவிட என்று திருப்பிக் கேட்க வேண்டாம்.

எந்த வேலை நடக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? 'அல்ஸ்' இருந்தால் ஒப்பீடு. எண்ணால் சொன்ன வித்தியாசம் இருந்தால் ஒப்பீடு. உறவுச்சொல் இருந்தாலும் ஒப்பீடுதான், அங்கே 'என்னைவிட' என்பது மறைந்து நிற்கிறது. இவை எதுவும் இல்லாமல் ஹெர், டாமெ, மென்ஷன், ஏபார் (தம்பதி) போன்ற பொதுச் சொல்லின் முன்னால், அதுவும் 'ஒரு' என்ற ஐன், ஐனெயோடு வந்தால் பெரும்பாலும் தனிநிலை. சில இடங்களில் இரண்டுமே பொருந்தும். 'டீ எல்ட்டெரெ கொலேகின்' என்றால் இரண்டு சக ஊழியர்களில் மூத்தவரா, பொதுவாகவே வயது கூடியவரா என்பதை முன்பின் பேச்சுதான் தீர்மானிக்கும்.

இந்த அச்சு தெரிந்துவிட்டால் 'ஐன் லெங்கெரெஸ் கெஷ்ப்ரேஷ்' என்பது எதைவிடவும் நீண்டதல்ல, சற்று நீண்ட உரையாடல் என்று விளங்கும். 'ஐனெ க்லைனெரெ ஷ்டட்' ஓரளவு சிறிய நகரம். மருத்துவர் 'ஸைட் லெங்கெரர் ட்ஸைட்?' என்று கேட்டால் 'கொஞ்ச நாளாகவே இருக்கிறதா?' என்று பொருள்.

பக்கத்திலேயே 'எல்ட்லிஷ்' என்று ஒரு சொல் உண்டு. பார்க்க எல்ட்டருக்குத் தம்பி போல இருக்கும். ஆனால் 'முதுமை தட்டிய தோற்றம்' என்ற இறக்கமான தொனி அதில் உண்டு. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், மனிதர்களைப் பற்றிப் பேசும்போது வேண்டாம்.

பொருள்களும் காகிதங்களும்

நம் மொழியில் மனிதருக்கு வயதான, மூத்த, பொருளுக்குப் பழைய. ஜெர்மனில் இரண்டுக்கும் அல்ட் ஒன்றுதான். எனவே 'ஐன் எல்ட்டெரெஸ் அவ்டோ' கொஞ்சம் பழைய கார். விளம்பரங்களில் இது விற்பவரின் நாகரிகமான சொல். வாங்குபவர் தயாரிப்பு ஆண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'ஐன் அல்ட்டர் ஃப்ராய்ன்ட்' என்றால் நீண்ட நாள் நண்பர், அவருக்கு இருபது வயதாகக்கூட இருக்கலாம். 'ஐன் எல்ட்டெரர் ஃப்ராய்ன்ட்' என்றால் வயதில் பெரிய நண்பர், நேற்று அறிமுகமானவராகவும் இருக்கலாம்.

அலுவலகங்களில் அடிக்கடி கண்ணில் படும் தொடர் 'நிஷ்ட் எல்ட்டர் அல்ஸ் ட்ரை மோனாட்டெ', மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஆறு மாதம் என்றும் வரலாம். எண்ணப்படுவது சான்றிதழ் வழங்கப்பட்ட தேதியிலிருந்து. பிறப்புச் சான்றிதழுக்கே இப்படிக் கேட்கும்போது நம்மவர்கள் திகைத்துப் போகிறார்கள். பிறந்த தேதி மாறவா போகிறது என்று தோன்றும். ஜெர்மன் பதிவேட்டில் பிற்காலப் பெயர் மாற்றம் போன்றவையும் குறிக்கப்படும். அந்தப் பழக்கத்தில்தான் புதிதாக எடுத்த படியைக் கேட்கிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இந்தத் தொடர் எந்தெந்த ஆவணத்தின் அருகில் இருக்கிறது என்று பார்த்து, அவற்றைக் கடைசியாக எடுங்கள்.

படிவங்களிலும் புள்ளிவிவரங்களிலும் '65 யாரெ உன்ட் எல்ட்டர்' என்று இருந்தால் 65 வயதானவரும் சேர்ந்தவர்.

'மூத்த' என்பதை அப்படியே பெயர்க்காதீர்கள்

தமிழில் மூத்த பத்திரிகையாளர், மூத்த மருத்துவர், மூத்த வழக்கறிஞர் என்னும்போது வயதைவிட அனுபவமும் பதவியும் முன்னிற்கின்றன. ஜெர்மன் எல்ட்டரில் அந்தப் பொருள் துளியும் இல்லை. 'ஐன் எல்ட்டெரர் அர்ட்ஸ்ட்' என்றால் வயது சற்றுக் கூடிய மருத்துவர், அவ்வளவுதான். மருத்துவமனையில் மூத்த மருத்துவர் 'ஓபரார்ட்ஸ்ட்'. அனுபவமுள்ளவர் என்று சொல்ல 'எர்ஃபாரென்' என்ற சொல் இருக்கிறது. பணிக்காலத்தைச் சொல்ல 'டீன்ஸ்ட்' என்பதை முன்னால் ஒட்டி 'டீன்ஸ்ட்எல்ட்டெஸ்டர்', பணியில் மிக மூத்தவர், என்பார்கள். வேலை விண்ணப்பத்தில் 'மூத்த செவிலியராக இருந்தேன்' என்பதை எல்ட்டர் போட்டு எழுதிவிட்டால், வயதைத்தான் சொல்கிறீர்கள் என்று படிப்பார்கள்.

நகரும் வயது

வயது கூடுவதைச் சொல்ல 'எல்ட்டர் வேர்டன்'. 'டீ மென்ஷன் வேர்டன் இம்மர் எல்ட்டர்', மக்கள் முன்பைவிட அதிக வயது வாழ்கிறார்கள். இம்மர் சேர்ந்தால் 'மேலும் மேலும்'.

'ஆக ஆக' என்று நாம் சொல்வதற்கு ஜெர்மனில் 'யே... டெஸ்டோ'. 'யே எல்ட்டர் மன் விர்ட், டெஸ்டோ ஷ்னெல்லர் ஃபெர்கேட் டீ ட்ஸைட்', வயதாக ஆக நேரம் வேகமாக ஓடுகிறது. யே பகுதியில் வினை கடைசியில். டெஸ்டோ பகுதியில் ஒப்பீட்டுச் சொல் முடிந்த உடனே வினை. டெஸ்டோவுக்குப் பதில் 'உம்ஸோ'வும் வரலாம். பி1 என்ற இடைநிலை எழுத்துத் தேர்வில் இந்த அமைப்பைப் பிழையில்லாமல் ஒரு முறை கையாண்டால் உங்கள் நடை உயர்ந்து தெரியும்.

பெயரோடு ஒட்டிய எல்ட்டெரெ

அருங்காட்சியகத்துக்குப் போனால் ஓவியத்தின் அடியில் பெயருக்குப் பின்னால் சிறிய 'டி'யும், புள்ளி வைத்த பெரிய 'அ'வும் சுருக்கமாக இருக்கும். 'டெர் எல்ட்டெரெ' என்பதன் சுருக்கம் அது. விட்டன்பெர்க்கில் சாக்சனி இளவரசர்களின் அரண்மனை ஓவியராக இருந்து, மார்ட்டின் லூத்தரை வரைந்தவர் லூக்காஸ் க்ரானாஹ் டெர் எல்ட்டெரெ (1472–1553). அதே பட்டறையைத் தொடர்ந்து நடத்திய மகன் லூக்காஸ் க்ரானாஹ் டெர் யுங்கெரெ (1515–1586). தந்தை மகன் என்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய அறிஞர் ஜெர்மனில் 'ப்லீனியுஸ் டெர் எல்ட்டெரெ', 'டெர் யுங்கெரெ' அவருடைய சகோதரி மகன்.

இந்த ஒட்டும் வேற்றுமை ஏற்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'ஐன் பில்ட் ஃபோன் லூக்காஸ் க்ரானாஹ் டெம் எல்ட்டெரென்', மூத்த க்ரானாஹின் ஒரு படம். 'டீ வேர்கெ லூக்காஸ் க்ரானாஹ்ஸ் டெஸ் எல்ட்டெரென்', மூத்த க்ரானாஹின் படைப்புகள். பெயரின் பகுதியாகிவிட்டதால் இங்கேயும் பெரிய எழுத்து.

பழகும் வரிசை

சரி, எதில் தொடங்குவது? உங்கள் குடும்பத்திலேயே தொடங்குங்கள். உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவரையும் பற்றி முதலில் விகுதியில்லாத வாக்கியம் ஒன்று, வயது வித்தியாசத்தோடு. அப்புறம் அதே ஆளைப் பெயருக்கு முன்னால் வரும் வடிவத்தில், எழுவாய், 'ஹாபெ'யோடு ஒன்று, 'மிட்' சேர்த்து ஒன்று என மூன்று வாக்கியங்கள். இது கை வந்த பிறகு தெருவுக்குப் போங்கள். பேருந்தில் இடம் தேடும் ஒரு பெரியவரை, பூங்காவில் நடக்கும் தம்பதியை, நிறுத்தி வைத்திருக்கும் பழைய காரை 'ஐன்', 'ஐனெ' சேர்த்துத் தனிநிலையில் சொல்லிப் பாருங்கள். கடைசியாக, இரண்டு வேலைகளும் ஒரே வாக்கியத்தில் வருவது போல ஒன்று: 'டெர் எல்ட்டெரெ ஹெர் டோர்ட் இஸ்ட் ட்ஸேன் யாரெ எல்ட்டர் அல்ஸ் மைன் ஃபாட்டர்.' அங்கே நிற்கும் பெரியவர் என் அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர்.